முதியவர்களுக்குக் கொலோனோஸ்கோப்பி: எந்தப் பேதி மருந்து, எப்படிக் கொடுப்பது?

எழுபது வயதைத் தாண்டிய பெற்றோருக்குக் கொலோனோஸ்கோப்பி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்யத் தேதி குறித்தவுடன், அதற்குமுன் குடலைச் சுத்தமாக்க எந்தப் பேதி மருந்தைக் குடிப்பது எளிது என்றுதான் பலரும் விசாரிக்கிறார்கள். என் அம்மாவுக்காக இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தபின் நான் வந்த முடிவு வேறு. அந்த வயதில் மருந்தைத் தீர்மானிக்க வேண்டியவை சிறுநீரகமும் இதயமுமே; சுவையும் அளவும் அதற்குப் பிறகுதான்.

முதலில், அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையையும் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின், உப்புகளான சோடியம், பொட்டாசியம்) அன்றாட மாத்திரைகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இன்சுலின் ஆகிய ஒவ்வொன்றையும் எப்போது நிறுத்துவது, எப்போது தொடர்வது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மருந்து. என் தேர்வு, பெக்லெக் போன்ற பாலிஎதிலீன் கிளைக்கால் தூள்தான். இரண்டு லிட்டர் குடிப்பது சிரமம். ஆனால் அது உடலின் நீரையும் உப்புகளையும் பெரிதாகக் குலைக்காமல் குடலைக் கழுவிக்கொண்டு வெளியேறுகிறது. சோடியம் பாஸ்பேட் கரைசல் அளவில் மிகக் குறைவு என்பதால் கவர்ச்சியாகத் தோன்றும். எனினும் அது சிறுநீரகத்தில் பாஸ்பேட் படிந்து நிரந்தரச் சேதம் விளைவிக்கக்கூடும் என்பதால், 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விடுத்தது. முதியவர்களுக்கு அதை நான் பரிசீலிக்கவே மாட்டேன். பிகோசல்பேட்டும் மக்னீசியம் சிட்ரேட்டும் சேர்ந்த மருந்து குடிக்க எளிது. ஆனால் இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமோ மயக்கமோ வரக்கூடும், சிறுநீரகம் மிகவும் பழுதுபட்டவர்களுக்கு அது ஆகாது. மற்றொரு பேதி மருந்தான சல்பேட் கரைசலுக்கும் சிறுநீரக எச்சரிக்கை உண்டு. அதை நீர் சேர்க்காமல் அப்படியே குடிக்கக் கூடாது.

முந்தைய நாள் உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கீரை, கொய்யா, விதையுள்ள காய்கள் வேண்டாம். திரவ உணவு தொடங்கியதும் வடிகட்டிய ரசத் தெளிவு, எலுமிச்சைச் சாறு, பால் சேர்க்காத தேநீர் போதும். பொட்டாசியம் கூடுதலாக உள்ளவர்களுக்கு இளநீர் கூடாது.

பெரும்பாலோர் தடுமாறும் இடம் மருந்தை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பதுதான். காலை பத்து மணிக்குப் பரிசோதனை என்றால், முந்தைய மாலை ஒரு லிட்டரும், விடியற்காலை ஐந்து மணிவாக்கில் தொடங்கி மற்றொரு லிட்டரும் கொடுத்து, மருத்துவமனை சொன்ன நேரத்துக்குள், குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாகவே, முடித்துவிட வேண்டும். தூக்கம் கெடுமே, வழியில் கழிப்பறை தேட நேருமே என்று அஞ்சி எல்லாவற்றையும் மாலையிலேயே கொடுத்துவிட்டால், இரவில் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்தநீரும் சளியும் பெருங்குடலின் வலப்பக்கத்தில் படிந்துவிடும். எளிதில் கண்ணில் படாத தட்டையான கட்டிகள் அங்கேதான் அதிகம் ஒளிந்திருக்கின்றன. கரைசலைக் குளிரவைத்து, கால் மணி நேரத்துக்கு ஒரு தம்ளர் வீதம் உறிஞ்சுகுழலால் குடிக்கச் செய்யுங்கள். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் தொடரலாம். வாந்தி நிற்காவிட்டாலோ, மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தாலோ, வயிறு உப்பி வலித்தாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். கழிப்பறைக்குச் செல்லும் வழியில் இரவு முழுவதும் விளக்கெரியட்டும். ஈரத்தரையில் வழுக்கி விழுவதும் முதியவர்களுக்கு இந்த மருந்தால் நேரும் ஆபத்துகளில் ஒன்று.

கடைசியில் மலம் சிறுநீரைப்போல் தெளிந்த மஞ்சளாக வர வேண்டும். பழுப்பாகக் கலங்கியிருந்தால், புறப்படும் முன்பே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள்.

பின்சேர்க்கை: பக்கவாதத்துக்குப் பின் விழுங்கச் சிரமப்படும் தந்தைக்கு இந்தப் பேதிக் கரைசலைக் கெட்டியாக்கித் தரலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மாவுச்சத்தால் ஆன கெட்டியாக்கும் தூளைப் பாலிஎதிலீன் கிளைக்காலுடன் கலந்தால் கலவை மீண்டும் நீர்த்துவிடும், அது மூச்சுக்குழாய்க்குள் போகும் அபாயம் உண்டு. அத்தகையவர்களுக்கு வீட்டிலேயே கொடுக்க முயலாமல், மருத்துவமனையில் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.