மீன் குளத்துக்கு முன்னால் ஒரு கல்வாழைத் தொட்டி

குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் வீட்டுக்குப் பின்னால் குளம் வெட்டி கட்லா, ரோகு மீன் வளர்ப்பவர்கள் அடுக்களைத் தண்ணீரை நேராகக் குளத்தில் விடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கை வடித்துவிட்டு, ஜல்லி நிரப்பிய தொட்டி ஒன்றின் வழியாக விடுங்கள். அதில் கல்வாழையோ சேம்போ நடலாம். தண்ணீர் ஜல்லிக்குள்ளேயே மெல்ல ஊர்ந்து போகட்டும். மேலே தேங்கினால் கொசு வரும்.

வேரில் ஒட்டி வாழும் நுண்ணுயிரிகள் அழுக்கைச் சிதைக்கும், செடி தழைச்சத்தை உறிஞ்சும். முற்றிய தண்டுகளை அவ்வப்போது வெட்டித் தென்னை மூட்டில் போடுங்கள். அங்கேயே அழுக விட்டால் எடுத்த சத்து திரும்பவும் தண்ணீருக்கே போய்விடும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கக்கூஸ் தண்ணீரும் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரும் கூடவே கூடாது. ஆகாயத்தாமரையும் வேண்டாம், மழைவெள்ளத்தில் தப்பிப் போனால் பக்கத்துக் குளத்தையே மூடிவிடும்.