பாத் நகரில் இரண்டு நாள்: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

சென்ற வாரம் அக்கா மகன் சென்னையிலிருந்து ஒரு பயணத் திட்டம் அனுப்பியிருந்தான். காலையில் விண்ட்சர் கோட்டை, மதியம் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம், மாலையில் இங்கிலாந்தின் மேற்கே உள்ள வெந்நீர் ஊற்று நகரமான பாத், இரவு மீண்டும் லண்டன். கீழே ஒரு வரி: "ஒரே நாளில் மூன்றும் முடிந்துவிடும் சித்தி, விலையும் பரவாயில்லை." படித்ததும் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. ஏறக்குறைய இதே சொற்களைப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நான் என் கணவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அதன் பிறகு ஊரிலிருந்து வருகிற உறவினர்களை அழைத்துக்கொண்டு இருபது முறையாவது பாத் போயிருப்பேன். குடை எடுங்கள், நடப்பதற்கு ஏற்ற செருப்பு போடுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அங்கே ரோமானியர் கட்டிய வெந்நீர்க் குளத்தில் குளிக்க முடியாது என்பதும் இப்போது பலருக்குத் தெரியும். 1978இல் அந்த ஊற்று நீரில் நீந்திய ஒரு சிறுமி, வெதுவெதுப்பான நீரில் வாழும் அமீபா மூளையைத் தாக்கி இறந்துபோனாள். அதோடு நிறுத்திவிட்டார்கள்.

ஒரே நாளில் மூன்று ஊர்

என் அப்பாவும் அம்மாவும் தென்காசியிலிருந்து முதல்முறையாக வந்திருந்த அக்டோபர் மாதம் அது. நாங்கள் அப்போதும் ரெடிங்கில்தான் குடியிருந்தோம். ரெடிங்கிலிருந்து பாத்துக்கு நேரடி ரயில், ஒரு மணி நேரம்தான். அதை விட்டுவிட்டு, விடியற்காலையில் எழுந்து, எதிர்த்திசையில் லண்டன் போய், அங்கே சுற்றுலா பஸ் பிடித்து, மேற்கே திரும்பி, எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கடந்து போனோம். நாலு பேருக்கு டிக்கெட். "மூன்று இடம் பார்க்கிறோமே" என்று கணக்குப் போட்டது நான்தான். அந்தக் கணக்கை இன்றும் வீட்டில் யாராவது எடுத்துக் காட்டுவார்கள்.

வரைபடத்தைப் பார்த்தாலே விளங்கும். லண்டனிலிருந்து விண்ட்சர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அங்கிருந்து ஸ்டோன்ஹெஞ்ச் 100 கிலோமீட்டர். பிறகு பாத் வரை 55. திரும்பி லண்டன் வர 185. சாலை காலியாக இருந்தாலே ஆறு மணி நேரத்துக்கு மேல் இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். சாலை காலியாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. எங்கே தாமதமானாலும் அந்தத் தாமதம் முழுவதும் கடைசி ஊரின் தலையில்தான் விழும். கடைசி ஊர் எப்போதும் பாத்.

நாங்கள் பாத்தில் இறங்கியபோது மணி நாலேகால். ஐந்தரைக்கு பஸ் கிளம்பும் என்றார் வழிகாட்டி. நிரலில் பாத்துக்கு நேராக 'ஓய்வு நேரம்' என்று போட்டிருந்தது. ரோமானியர் குளத்துக்கு டிக்கெட் சேர்க்கப்படவில்லை என்பதைத்தான் அப்படி நாகரிகமாக எழுதியிருக்கிறார்கள் என்பது வாசலில் நின்றபோதுதான் புரிந்தது. வரிசையில் இருபத்தைந்து நிமிடம். கழிப்பறையில் அம்மாவுக்கு இன்னொரு வரிசை. உள்ளே எங்களுக்குக் கிடைத்தது அரை மணி நேரம்கூட இல்லை. இலவசமாகத் தருகிற ஒலி வழிகாட்டியைக் காதில் வைத்துக் கேட்கக்கூட நேரமில்லாமல் கையில் பிடித்துக்கொண்டே ஓடினோம். தெரு மட்டத்துக்குக் கீழே, அந்த ஊற்றின் தேவியான சுலிஸ் மினெர்வா கோயிலின் முகப்புச் சிற்பம் இருக்கிறது. மீசையும் சுருள் முடியுமாக வெறித்துப் பார்க்கும் அந்த முகத்தின் எதிரே அரை நாள் உட்காரலாம். நாங்கள் அதைத் திரும்பிப் பார்த்தபடியே கடந்தோம். மினெர்வாவின் பொன்முலாம் பூசிய வெண்கலத் தலையை நான் பார்த்ததாகவே நினைவில்லை.

கடைசியில் பெரிய குளம். பச்சைத் தண்ணீர், சுற்றிலும் கூட்டம். அப்பா ஒரு நிமிடம் பார்த்தார். "குற்றாலத்தில் காசில்லாமல் குளித்துவிட்டு வருவோம். இங்கே குளிக்க முடியாத குளத்துக்கு இவ்வளவு பணமா அம்மா?" என்றார். அந்தத் தண்ணீர் ஏன் பச்சை என்று சொல்லக்கூட எனக்கு அப்போது தெரியவில்லை. ரோமானியர் காலத்தில் குளத்தின் மேல் உயரமான வளைகூரை இருந்தது. இப்போது கூரை இல்லை, வெயில் நேராக விழுவதால் பாசி பிடிக்கிறது. மேலே மன்னர்கள் போல நிற்கும் சிலைகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைத்தவை. குனிந்து தண்ணீரின் ஓரத்தைப் பார்த்தால்தான் ரோமானியர் வேலை தெரியும்: படிகள், தூண்களின் அடிப்பகுதி, ஈயத் தகடு பாவிய அடித்தளம். எல்லோரும் அண்ணாந்து படம் எடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன்.

அப்படி ஓடியதில் தவறவிட்ட ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. குளத்துக்கு நீர் தரும் ஊற்றிலிருந்து 130 அளவில் சாபத் தகடுகள் கிடைத்திருக்கின்றன. பொருள் திருடுபோனவர்கள் மெல்லிய ஈயத் தகட்டில் சாபத்தை எழுதி, சுருட்டி, தேவியின் ஊற்றில் போட்டிருக்கிறார்கள். டொசிலியானுஸ் என்பவனின் முக்காடு வைத்த மேலங்கியை யாரோ எடுத்துவிட்டார்கள். எடுத்தது ஆணோ பெண்ணோ, அடிமையோ இல்லையோ, அங்கியைக் கோயிலில் கொண்டுவந்து வைக்கும்வரை தூக்கமும் குழந்தையும் வாய்க்கக்கூடாது என்று எழுதியிருக்கிறான். நம் ஊரில் கோயிலில் காசு வெட்டிப் போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அம்மாவுக்கு இதைக் காட்டியிருந்தால் பஸ்ஸை விட்டிருப்பாரே தவிர அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டிருக்க மாட்டார்.

ஐந்தரைக்கு பஸ் கிளம்பியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மழை விட்டு, தாழ்ந்த வெயில் அந்தத் தேன் நிறக் கல்லில் பட்டு, தெரு முழுவதும் சிவந்து நின்றது. நடைபாதைகள் காலியாகிக்கொண்டிருந்தன. பாத் நகரம் பாத் நகரமாவது அந்த நேரத்தில்தான்: வெளியூர் பஸ்கள் போன பிறகும், அவை மறுநாள் வருவதற்கு முன்பும். நாங்கள் காசு கொடுத்து, அந்த நேரம் பார்த்து ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்தோம்.

ஆகவே, இரண்டு இரவு தங்குங்கள். முடியாவிட்டால் ஒரு இரவாவது. லண்டன் பாடிங்டனிலிருந்து பாத் ஸ்பா நிலையத்துக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் ரோமானியர் குளம். காலையில் திறந்தவுடன் முதல் ஆளாக உள்ளே போங்கள். குளிர்காலக் காலை என்றால் நீர்ப்பரப்பிலிருந்து ஆவி எழுவதைப் பார்க்கலாம். குறைந்தது இரண்டு மணி நேரம் வையுங்கள். ஸ்டோன்ஹெஞ்சும் வேண்டும் என்றால் பாத்தில் இருந்தபடியே போகலாம். சாலிஸ்பரிக்கு நேரடி ரயில் உண்டு, நிலையத்திலிருந்து பஸ் இருக்கிறது. விண்ட்சரை லண்டனில் இருக்கும் நாளில் தனியாகப் பாருங்கள், அது அங்கிருந்து எங்கும் போய்விடாது.

அக்கா மகனுக்கும் இதைத்தான் எழுதினேன். "ஆனால் விலை, சித்தி" என்று பதில் வந்திருக்கிறது.

சனிக்கிழமை இரவு

வேண்டாம். அறை வாடகை ஏறும், சில விடுதிகள் ஒரு இரவுக்குத் தரவே மாட்டார்கள். ஞாயிறு முதல் புதன் வரை போங்கள்.

கார்

ரயில். கார்தான் என்று பிடிவாதம் இருந்தால் லேன்ஸ்டவுன், நியூபிரிட்ஜ், ஆட் டவுன் ஆகிய மூன்று இடங்களில் ஒன்றில் காரை நிறுத்திவிட்டு ஊருக்குள் பஸ்ஸில் வாருங்கள்.

'மையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்' என்ற விடுதி

ஊர் ஒரு கிண்ணம் போல இருக்கிறது. ஏவன் ஆறும் குளங்களும் அடியில், வீடுகள் சுற்றிலும் மேட்டில். வடக்கே லேன்ஸ்டவுன் பக்கம் ஒரு கிலோமீட்டர் என்றால் அது செங்குத்தான ஒரு கிலோமீட்டர். என் நாத்தனார் இரண்டு பெட்டிகளோடு அதில் ஏறிவிட்டு மூன்று மணி நேரம் என்னோடு பேசவில்லை. வரைபடம் மேட்டைக் காட்டாது, விடுதிக்காரரும் சொல்ல மாட்டார். முழங்கால் வலி உள்ளவர்கள் கூட வந்தால், ரயில் நிலையத்துக்கும் பாத் அபே தேவாலயத்துக்கும் இடையே சமதளத்தில் அறை பிடியுங்கள், சற்று விலை கூடினாலும்.

ராயல் கிரெசென்டுக்கு நேராக டாக்சியில் போய் இறங்குவது

வரிசை மாறினால் இந்த ஊரின் வேடிக்கையே போய்விடும். கே தெருவில் மேலே ஏறுங்கள், அது உங்களை சர்க்கஸ் என்ற வட்டத்துக்குள் கொண்டுவிடும். 33 வீடுகள் மூன்று வில்களாக வளைந்து முழு வட்டமாக நிற்கின்றன. கீழ்த்தளத்தில் ஒரு வகைத் தூண், நடுவில் வேறு, மேலே வேறு. இதை வரைந்த மூத்த ஜான் வுட் 1754இல் வேலை தொடங்கிய சில மாதங்களிலேயே இறந்துபோனார், மகன்தான் முடித்தார். தந்தை 1740இல் ஸ்டோன்ஹெஞ்சுக்குப் போய் ஒவ்வொரு கல்லாக அளந்தவர். அந்தக் கல்வட்டத்தின் நினைவு இந்த வட்டத்தில் இருக்கிறது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். பஸ்ஸில் ஓடி ஓடி இரண்டையும் பார்த்த எனக்கு இது தெரியாமல் போனதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருவதில்லை.

சர்க்கஸிலிருந்து பிராக் தெரு. சாதாரணமான, ஒடுக்கமான தெரு. அதன் முனையைத் தாண்டுகிற வரை எதுவும் தெரியாது. தாண்டியதும் இடம் திடீரென்று விரியும், அதுதான் ராயல் கிரெசென்ட்: 30 வீடுகள், ஒரே வளைவு, எதிரே புல்வெளி. மகன் ஜான் வுட் 1767 முதல் 1774 வரை கட்டியது. டாக்சியில் வந்து இறங்குகிறவருக்கு இந்தத் திடீர்த் திறப்பு கிடைக்காது.

முன்பக்கம் பார்த்துப் படம் எடுத்த பிறகு பின்பக்கமும் போய்ப் பாருங்கள். வுட் வரைந்து கொடுத்தது முகப்பை மட்டும்தான். பின்னால் அவரவர் தத்தம் வசதிக்குக் கட்டிக்கொண்டார்கள். ஒன்று புடைத்துக்கொண்டு, ஒன்று உள்ளொடுங்கி, கூரைகள் ஏறியும் இறங்கியும் இருக்கும். முன்னால் பட்டுப் புடவை, பின்னால் வீட்டுச் சேலை.

பாலத்தின் மேல் நின்று பாலத்தைத் தேடுவது

புல்ட்னி பாலத்தின் இருபுறமும் கடைகள். மேலே நடக்கிறவருக்கு அது இன்னொரு கடைத்தெரு, அவ்வளவுதான். என் தம்பி அதன் நடுவில் நின்றுகொண்டு போகிறவர்களிடம் பாலத்துக்கு வழி கேட்டான். கிராண்ட் பரேட் பக்கம் வந்து, ஆற்றோரத்திலிருந்து அணைக்கட்டோடு சேர்த்துப் பாருங்கள்.

பிள்ளைகளோடு வெந்நீர்க் குளியலுக்குப் போவது

உண்மையிலேயே அந்த ஊற்று நீரில் இறங்கிக் குளிக்க வேண்டுமானால் 2006இல் திறந்த தெர்மே பாத் ஸ்பா இருக்கிறது. மாடியில் திறந்தவெளிக் குளம், ஊர் முழுவதும் தெரியும். ஆனால் 16 வயது நிரம்பாதவர்களை விட மாட்டார்கள். நான் பன்னிரண்டு வயது மகளோடு, இருவரும் நீச்சல் உடையைப் பையில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனவள். பெரியவர்கள் மட்டும் போவதானால் வாரநாள் காலை. சூரிய அஸ்தமனத்தை எல்லோரும் பார்க்க விரும்புகிறார்கள், அப்போது குளத்தில் தோளோடு தோள் இடிக்கும்.

பன்

இந்த ஊரின் பெயர்போன பன்னை முட்டை சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்குங்கள்.

அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் வருவது

பஸ்ஸுக்கு ஓடியவர்கள் எல்லோரும் விடுவது இதைத்தான். ரோமானியர் குளத்தைச் சுற்றிவிட்டு வெளியே வரும் வழியில் ஊற்று நீரைக் குடித்துப் பார்க்கலாம். மெண்டிப் மலைகளில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை பூமிக்குள் ஆழமாக இறங்கி, சூடேறி, 46 டிகிரியில் மேலே வருகிறது, ஒரு நாளைக்கு 11 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர். குடிப்பதற்குச் சுத்திகரித்துத்தான் தருகிறார்கள். சுவை? வெதுவெதுப்பான தண்ணீரில் இரும்பாணியை ஊறவைத்தது போல. 18ஆம் நூற்றாண்டில் சீமான்களும் சீமாட்டிகளும் இதைக் காலையில் கோப்பை கோப்பையாக மருந்தென்று குடித்திருக்கிறார்கள்.

நாலு ஆண்டு கழித்து அப்பாவையும் அம்மாவையும் ரயிலில் அழைத்துப்போய் இரண்டு இரவு தங்கவைத்தேன். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்துக் கோப்பையை என்னிடம் நீட்டினார். அம்மா மெதுவாகக் குடித்தார். அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அதை உள்ளங்கையில் ஊற்றித் தலையில் தெளித்துக்கொண்டார்.