புகையையும் படிப்பையும் சேர்த்து உற்பத்தித்திறனை அளப்பது எப்படி?

ஒரு நாட்டின் ஜிடிபி வளர்ச்சியிலிருந்து கூடுதல் ஆள்பலத்தால் வந்த பங்கையும் கூடுதல் மூலதனத்தால் வந்த பங்கையும் கழித்தால் மீதி நிற்பதுதான் உற்பத்தித்திறன் வளர்ச்சி. 1957-இல் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ காட்டிய வழி இது. வழி நல்ல வழிதான், ஆனால் புகை அதில் எங்கேயும் வராது. மாசு வடிகட்டியைக் கழற்றிப் போட்டுச் செலவை மிச்சம் பிடித்த ஆலை இந்தக் கணக்கில் திறமைசாலி ஆகிவிடும். அந்த ஓட்டையை அடைக்கும் கணக்கைத்தான் கீழே போடப்போகிறோம். மனித மூலதனத்தை, அதாவது உழைப்பவர்களின் படிப்பை, எந்த இடத்தில் வைப்பது என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் விடையே அதைப் பொறுத்து மாறும்.

படி 1: தரவு

ஐந்து பத்திகள் போதும்: வேலை செய்வோர் எண்ணிக்கை, மூலதன இருப்பு, ஜிடிபி, கரியமில வாயு வெளியேற்றம் (கீழே புகை என்பது இதுதான்), கல்வி. வெளியேற்றத்தைத் தவிர மற்ற நான்கும் பென் வேர்ல்டு டேபிள் என்ற பொருளாதாரத் தரவுத்தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் (10.01 பதிப்பில் 183 நாடுகள், 1950 முதல் 2019 வரை). வெளியேற்றத்துக்கு ஐரோப்பிய ஆணையத்தின் எட்கர் தரவுத்தளம் இருக்கிறது. நாடுகளை ஒப்பிடுவதால், வாங்கும் திறனுக்கு ஏற்பச் சரிசெய்த நிலையான விலை மதிப்புகளையே எடுங்கள். நடப்பு விலையைக் கலந்தால் பணவீக்கமும் முன்னேற்றமாகத் தெரியும்.

படி 2: படித்த ஆண்டுகளை எடையாக மாற்றுங்கள்

பத்துப் பேர் வேலை செய்தார்கள் என்பது பாதித் தகவல்தான். பென் டேபிள் முதல் 4 ஆண்டுப் படிப்புக்கு உழைப்பின் மதிப்பு ஆண்டுக்கு 13.4 சதவீதம் கூடும், அடுத்த 4-க்கு 10.1 சதவீதம், அதற்கு மேல் 6.8 சதவீதம் என்று வைத்து, கூட்டுத்தொகையை அடுக்குக்குறிச் சார்பில் (e என்ற எண்ணின் அடுக்காக) போடுகிறது. நான்கு ஆண்டு சராசரி என்றால் 0.536, அதன் அடுக்குக்குறி மதிப்பு 1.71. எட்டு ஆண்டு என்றால் 0.94, மதிப்பு 2.56. அதாவது நான்கு ஆண்டு படித்தவரின் உழைப்பு எட்டு ஆண்டு படித்தவரின் உழைப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. இது பள்ளியில் இருந்த காலத்தை மட்டும்தான் எண்ணுகிறது, கற்றதை அல்ல. இந்தக் குறையைத் தெரிந்துகொண்டே பயன்படுத்துங்கள்.

படி 3: எல்லைக்கோடு

இங்கேதான் கொஞ்சம் நின்று போக வேண்டும். எல்லைக்கோடு என்றால் ஒப்பிடும் நாடுகளில் சிறப்பாகச் செய்பவற்றை இணைக்கும் கோடு. மூலதனத்தை இப்போதைக்கு மறந்துவிட்டு, ஒரே அளவு ஆள்பலம் உள்ள மூன்று கற்பனை நாடுகளை எடுத்துக்கொள்வோம்.

அ: உற்பத்தி 8, புகை 12
ஆ: உற்பத்தி 4, புகை 4
இ: உற்பத்தி 4, புகை 8

புகையை விட்டுவிட்டுப் பார்த்தால் ஆ, இ இரண்டுமே அ-வில் பாதிதான், இரண்டுக்கும் ஒரே மதிப்பெண். இ இரண்டு மடங்கு புகை விட்டது கண்ணிலேயே படாது.

1997-இல் சுங், ஃபாரே, கிராஸ்காஃப் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஸ்வீடனின் காகிதக்கூழ், காகித ஆலைகளை வைத்து எழுதிய கட்டுரையில் கேள்வியையே மாற்றினார்கள்: உற்பத்தியை எவ்வளவு சதவீதம் கூட்டும்போதே புகையையும் அதே சதவீதம் குறைக்க முடியும்? அந்தச் சதவீதம்தான் பீட்டா. சுழி வந்தால் நாடு எல்லைக்கோட்டில் இருக்கிறது.

இ-க்குப் போட்டுப் பார்ப்போம். ஆ-வில் முக்கால் பங்கும் அ-வில் கால் பங்கும் கலந்தால் உற்பத்தி 5, புகை 6. அதாவது 4-லிருந்து 25 சதவீதம் ஏற்றம், 8-லிருந்து 25 சதவீதம் இறக்கம். ஆக, இ-யின் பீட்டா 0.25. ஆ-வுக்கும் அ-வுக்கும் சுழி.

நாடுகள் அதிகமானால் இதை எக்செல் சால்வரில் போடலாம். ஒவ்வொரு நாட்டுக்கும் சுழிக்குக் குறையாத ஒரு எடை கொடுத்து, பீட்டாவைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். எடையிட்ட உற்பத்தி, பீட்டா அளவு கூட்டிய இலக்கைவிடக் குறையக்கூடாது, எடையிட்ட உள்ளீடு இருப்பதைத் தாண்டக்கூடாது, புகைக்கு மட்டும் சமக்குறி: எடையிட்ட புகை, பீட்டா அளவு குறைத்த புகைக்குச் சரியாகச் சமம். அந்தச் சமக்குறியை மறந்தால் புகையைக் காசில்லாமல் இஷ்டப்படி கூட்டலாம் குறைக்கலாம் என்று கணக்கு எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், மூன்றில் அதிகப் புகை விடும் அ-வுக்கும் சுழிதான் என்பதைக் கவனித்தீர்களா? எல்லைக்கோட்டில் இருப்பது என்றால் வீண் இல்லை என்று அர்த்தமே தவிர, சுத்தம் என்று அர்த்தம் இல்லை. அறிக்கைகளில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள்.

படி 4: படிப்பை உள்ளே கொண்டுவாருங்கள்

அ, ஆ இரண்டிலும் சராசரிப் படிப்பு எட்டு ஆண்டு, இ-யில் நான்கு என்று வைப்போம். தலையை எண்ணாமல் படிப்பால் எடையிட்ட உழைப்பை உள்ளீடாகப் போட்டால், இ பயன்படுத்தியது மற்றவர்களுடையதில் மூன்றில் இரண்டு பங்குதான். மறுபடி கணக்கிட்டால் பீட்டா 0.25-லிருந்து சுமார் 0.167-க்கு இறங்குகிறது. முன்பு திறமைக்குறைவு என்று தெரிந்ததில் மூன்றில் ஒரு பங்கு, உண்மையில் பள்ளிக்கூடம் போகாத ஆண்டுகள்.

எது சரி? இருக்கிற ஆட்களை வைத்து எவ்வளவு நன்றாக நடத்துகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் படிப்பை உள்ளே வையுங்கள். படிப்பு பசுமை உற்பத்தித்திறனை (புகையையும் சேர்த்து அளந்த உற்பத்தித்திறனை) உயர்த்துகிறதா என்பதே கேள்வியானால் வெளியே வைத்து, படி 6-இல் விளக்கும் மாறியாகப் போடுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் வைத்தால், உள்ளீட்டில் ஏற்கெனவே கழித்த பங்கை மறுபடி தேடுவதாகிவிடும். பிறகு 'கல்விக்குத் தாக்கமே இல்லை' என்று முடிவு வந்தாலும் ஆச்சரியமில்லை.

படி 5: ஆண்டுகளை இணையுங்கள்

எல்லா ஆண்டுகளையும் ஒரே குவியலாக்கிப் பொதுவான எல்லைக்கோடு போடுவது எளிது. ஆண்டுக்கு ஆண்டு தனிக்கோடு போட்டால் சில சமயம் விடையே கிடைக்காது. முதல் ஆண்டின் (1 + பீட்டா) மதிப்பை அடுத்த ஆண்டின் (1 + பீட்டா) மதிப்பால் வகுங்கள். பீட்டா 0.25-லிருந்து 0.10 ஆனால் 1.25 / 1.10 = 1.136, அதாவது பசுமை உற்பத்தித்திறன் 13.6 சதவீதம் வளர்ந்திருக்கிறது. இதைத்தான் உலகளாவிய மால்ம்க்விஸ்ட்–லூயன்பெர்கர் குறியீடு என்கிறார்கள். பெயர்தான் மிரட்டும்.

படி 6: காரணம் தேடுங்கள்

பசுமை உற்பத்தித்திறனை விளக்கும் ஒரு ரெக்ரஷன் (தொடர்புப் போக்கு) சமன்பாடு போடுங்கள். 1966-இல் பொருளாதார அறிஞர்கள் நெல்சனும் ஃபெல்ப்ஸும் சொன்ன வாதம் இங்கே உதவும்: படிப்பு உழைப்பைக் கூட்டுவதோடு நிற்பதில்லை, வேறொருவர் கண்டுபிடித்ததைச் சீக்கிரம் கற்றுப் பயன்படுத்தவும் வைக்கிறது. அதனால் படிப்பை மட்டும் தனியாகப் போடாமல், படிப்பையும் எல்லைக்கோட்டிலிருந்து உள்ள தூரத்தையும் பெருக்கி ஒரு மாறியாகச் சேருங்கள். படித்தவர்கள் வேலைக்கு வந்து பலன் தெரிய நாளாகும், ஆகவே சில ஆண்டுகள் பின்தள்ளிய மதிப்பையும் சோதியுங்கள். பீட்டா மதிப்புகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் சாதாரண பிழை வரம்புகளை நம்ப முடியாது. சிமார், வில்சன் 2007-இல் தந்த பூட்ஸ்ட்ராப் முறையை (திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துப் பிழை வரம்பை மதிப்பிடும் முறையை) பாருங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. புகை கக்கும் தொழில்களை வேறு நாட்டுக்குத் தள்ளிவிட்டுப் பொருளை மட்டும் இறக்குமதி செய்யும் நாடு இந்தக் கணக்கில் பளிச்சென்று தெரியும், அப்படிப்பட்ட நாடுகளில் படித்தவர்களும் அதிகம். குளோபல் கார்பன் புராஜெக்ட் நுகர்வு அடிப்படையிலான வெளியேற்றத்தையும் (பொருளைப் பயன்படுத்தும் நாட்டின் கணக்கில் எழுதும் புகையையும்) வெளியிடுகிறது. புகைப் பத்தியில் அதைப் போட்டு, படி 3-லிருந்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். சமன்பாட்டில் படிப்பின் குணகம் (தாக்கத்தின் அளவு) சுருங்கினால், அந்தச் சுருங்கிய பங்கு புகை இடம் மாறியதால் வந்ததா என்று சந்தேகப்படலாம்.