மூன்று காய், ஐந்து லட்சம் நிலை: சதுரங்க இறுதியாட்டத் தரவுத்தளம் நாமே கட்டுவது

சேலம் பக்கத்தில் ஏதாவது ஒரு சேகோ ஃபேக்டரி குடோனுக்குள் போய்ப் பாருங்கள். ஜவ்வரிசி மூட்டைகளை அட்டி போட்டு வைத்திருப்பார்கள். "நான் மூன்றாவது வரிசை, ஐந்தாவது அட்டி" என்று எந்த மூட்டையிலும் எழுதியிருக்காது. இருக்கும் இடமே அதன் விலாசம். இறுதியாட்டத் தரவுத்தளம் என்பது, சில காய்கள் மட்டும் மிஞ்சிய ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை நகர்வில் மேட் என்ற விடையை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்கும் ஃபைல். அதுவும் இப்படித்தான். ஏற்காட்டில் என் வீட்டுக்கு லீவுக்கு வந்த அக்கா பையன், "மாமா, எந்தக் காய் எங்கே நிற்கிறது என்று ஃபைலில் எழுத வேண்டாமா?" என்று கேட்டான். வேண்டாம். விடையை மட்டும் எழுதினால் போதும். நிலையைக் கணக்குப் போட்டால் விடை இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

அவனோடு உட்கார்ந்து கட்டியது, வெள்ளை ராஜாவும் யானையும் ஒரு பக்கம், கறுப்பு ராஜா மட்டும் மறுபக்கம். (மூலையில் நிற்கும் காயை யானை என்கிறேன்; உங்கள் ஊரில் கோட்டை என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.)

படி 1: கட்டங்களுக்கு எண்

பலகையில் இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை. ஏ1 கட்டம் 0, பி1 என்பது 1, எச்1 என்பது 7. அடுத்த வரிசையில் ஏ2 என்பது 8. இப்படியே போனால் எச்8 என்பது 63. ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிக்காதீர்கள், பின்னால் எல்லாமே ஒன்று தள்ளிப் போகும்.

படி 2: நிலைக்கு எண்

நகர்த்த வேண்டியது வெள்ளை என்றால் 0, கறுப்பு என்றால் 1. அதை 64-ஆல் பெருக்கி வெள்ளை ராஜாவின் எண்ணைக் கூட்டுங்கள். மறுபடி 64-ஆல் பெருக்கி யானை, மறுபடி 64-ஆல் பெருக்கி கறுப்பு ராஜா. உதாரணம்: வெள்ளை ராஜா இ6 (44), யானை எச்1 (7), கறுப்பு ராஜா இ8 (60), வெள்ளையின் முறை. 44 × 64 + 7 = 2823. 2823 × 64 + 60 = 180732. இதுதான் விலாசம். யானை எச்8-க்குப் போனால் மேட் என்பதால் அந்த இடத்தில் 1 என்ற எண் இருக்க வேண்டும். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், சோதிக்க உதவும்.

மொத்தம் 2 × 64 × 64 × 64 = 5,24,288 இடங்கள். இடத்துக்கு ஒரு பைட் என்றால் சரியாக 512 கேபி. இந்த ஆட்டத்தில் மேட் 16 நகர்வுக்கு மேல் இழுக்காது. இரு பக்கத்து நகர்வையும் தனித்தனியாக எண்ணினாலும் ஒரு பைட்டில் தாராளமாக அடங்கும்.

படி 3: பின்னாலிருந்து நிரப்புவது

முதலில் எல்லா இடத்திலும் 254 போடுங்கள். "இன்னும் தெரியாது" என்று அர்த்தம். நடக்கவே முடியாத நிலைகளுக்கு 255: இரண்டு காய் ஒரே கட்டத்தில் நிற்பது, ராஜாக்கள் ஒட்டி நிற்பது, வெள்ளையின் முறையில் கறுப்பு ராஜா ஏற்கெனவே செக்கில் இருப்பது.

அப்புறம் கறுப்பின் முறையில், செக்கும் இருந்து நகர வழியும் இல்லாத நிலைகளுக்கு 0. அவை மேட். செக் இல்லாமல் வழி மட்டும் இல்லை என்றால் ஸ்டேல்மேட், அதாவது டிரா. 254 ஆகவே விடுங்கள்.

இனி சுற்றுச் சுற்றாக நிரப்ப வேண்டியதுதான். வெள்ளையின் முறையில், ஏதாவது ஒரு நகர்வு 0-க்குக் கொண்டுபோனால் அந்த இடத்துக்கு 1. கறுப்பின் முறையில், எல்லா நகர்வும் வெள்ளை ஜெயிக்கும் நிலைக்கே போனால்தான் 2. அடுத்த சுற்றில் 3, அப்புறம் 4 என்று போகும். வெள்ளைக்கு ஒரு வழி போதும், கறுப்புக்கு எல்லா வழியும் அடைபட வேண்டும். காவல் இல்லாத யானையைக் கறுப்பு ராஜா வெட்ட முடிந்தால் அது தப்பித்த நிலை, 254. ஒரு சுற்று முழுக்க எதுவும் மாறவில்லை என்றால் நிறுத்துங்கள். மிச்சமிருக்கும் 254 எல்லாம் டிரா. ஓட விட்டுவிட்டு ஒரு காப்பி போட்டுக்கொண்டு வரலாம்.

இரண்டு இடத்தில் எல்லோருக்கும் சறுக்கும். யானையின் பாதையை வெள்ளை ராஜாவே மறைக்கலாம், அதைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, யானை செக் கொடுக்கும்போது கறுப்பு ராஜா அதே கோட்டில் பின்வாங்கினால் தப்பியதாக நிரல் நினைத்துக்கொள்ளும். பழைய கட்டத்தில் ராஜா இன்னும் நிற்பதுபோல் கணக்குப் போடுவதால் வரும் கோளாறு. ராஜாவை முதலில் பலகையிலிருந்து எடுத்துவிட்டுச் சோதியுங்கள்.

படி 4: சேமிப்பது

பைத்தானில் பைட்அரேயை அப்படியே பைனரி ஃபைலாக எழுதுங்கள். எக்செல் வேண்டவே வேண்டாம். படிக்கும்போது முழு ஃபைலையும் ஏற்ற வேண்டியதில்லை. 180732-வது பைட்டுக்குத் தாவி ஒரே ஒரு பைட் படித்தால் போதும். மழைச் சாரலில் கரண்ட் போகும் மலை ஊர்க்காரன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: வேறு பெயரில் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் பெயரை மாற்றுங்கள். பாதி எழுதிய ஃபைல் நல்ல ஃபைலை அழிக்காது.

படி 5: மடிப்பது

கண்ணாடிப் பிம்பம்போல ஒத்த நிலைகளுக்கு விடை ஒன்றுதான், அதனால் ஒன்றை மட்டும் வைத்து ஃபைலைச் சிறிதாக்கலாம். பலகையை இடம் வலமாக மடித்தால் வெள்ளை ராஜாவுக்கு 32 கட்டம். மேல் கீழாக மடித்தால் 16. மூலைவிட்டத்தில் மடித்தால் 8 அல்ல, 10. மூலைவிட்டத்திலேயே இருக்கும் 4 கட்டங்கள் மடிப்பில் குறைவதில்லை. இப்போது 10 × 64 × 64 × 2 = 81,920 பைட் போதும். ராஜாக்கள் ஒட்டி நிற்கும் ஜோடிகளைத் தள்ளி, மூலைவிட்ட இரட்டிப்பையும் நீக்கினால் ராஜா ஜோடிகள் 462-தான், மொத்தம் 59,136.

இங்கேதான் ஒரு சாயங்காலம் முழுக்க எனக்குப் போனது. நம் உதாரணத்தில் இ6 ராஜா டி3-க்கும், இ8 ராஜா டி1-க்கும், யானை ஏ8-க்கும் போக வேண்டும். யானையை மட்டும் மடிக்க மறந்து எச்1-லேயே விட்டேன். 1 வர வேண்டிய இடத்தில் 255 வந்தது. கறுப்பு ராஜா செக்கில் இருக்க வெள்ளை நகர்த்துவதாக ஆகிவிட்டதே! மடித்தால் எல்லாக் காயையும் சேர்த்து மடியுங்கள். சிப்பாய் இருந்தால் இடம் வலம் மட்டும்தான், ஏனென்றால் அது ஒரே திசையில்தான் நடக்கும்.

பெரிய ஃபைல்கள்

ஒரு காய் கூடினால் 64 மடங்கு. மடிக்காமல் போட்டால் நான்கு காய்க்கு 32 எம்பி, ஐந்துக்கு 2 ஜிபி, ஆறுக்கு 128 ஜிபி, அதுவும் ஒரே ஒரு கூட்டணிக்கு, அதாவது எந்தெந்தக் காய்கள் பலகையில் என்ற ஒரு சேர்க்கைக்கு. அதனால் அதற்கு மேல் நாமே கட்டுவது வீம்பு. ரொனால்ட் டி மேன் 2013-ல் வெளியிட்ட சிசிஜி (Syzygy) என்ற ஆயத்த இறுதியாட்ட ஃபைல்களை இறக்கிக்கொள்ளலாம். ஐந்து காய் வரைக்கும் எல்லாம் சேர்ந்து சுமார் 1 ஜிபி. நலிமோவ் என்ற பழைய ஃபைல் வடிவத்தில் அதே ஐந்து காய்க்குச் சுமார் 7 ஜிபி ஆனது. ஆறு காய் சுமார் 150 ஜிபி. ஏழு காய் 17 டிபி பக்கம், அதை மறந்துவிடுங்கள்.

அவற்றைத் துண்டு துண்டாக அமுக்கியிருப்பதால் வேண்டிய துண்டை மட்டும் பிரித்துப் படிக்கலாம். ஒவ்வொரு கூட்டணிக்கும் இரண்டு ஃபைல்: ஒன்று வெற்றி, டிரா, தோல்வி சொல்வது; மற்றது ஐம்பது நகர்வு விதியை (வெட்டும் சிப்பாய் நகர்வும் இல்லாமல் ஐம்பது நகர்வு போனால் டிரா கேட்கலாம்) மனதில் வைத்து, அந்த எண்ணிக்கை மறுபடி பூஜ்யமாகும் வரை எவ்வளவு தூரம் என்று சொல்வது. முதல் வகையை இஞ்சின் (சதுரங்கம் ஆடும் நிரல்) யோசிக்கும்போதே ஓயாமல் படிக்கும் என்பதால் எஸ்எஸ்டியில் வையுங்கள். இரண்டாவது சாதாரண ஹார்டு டிஸ்கில் இருந்தாலும் பரவாயில்லை.

ஸ்டாக்ஃபிஷ் என்ற இஞ்சினின் அமைப்பில் சிசிஜிபாத் (SyzygyPath) என்ற இடத்தில் ஃபோல்டர் பாதையைக் கொடுங்கள். இரண்டு ஃபோல்டர் என்றால் விண்டோஸில் நடுவே அரைப்புள்ளி, லினக்ஸில் முக்காற்புள்ளி. ஐந்து காய் வரை முழுதாக இறங்கியிருந்தால் 145 கூட்டணிகள், 290 ஃபைல்கள் இருக்கும். எண்ணிப் பாருங்கள். குறைந்தால் விட்டுப்போனதை மட்டும் திரும்ப இறக்கினால் போதும்.