லெதர் சீட்டுக்கு எண்ணெய் வேண்டாம்

கார் சீட் மங்கிப்போனால் உடனே கிடைக்கும் யோசனை, "கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைச்சு விடுங்க" என்பதுதான். துடைத்த அன்றைக்குப் பளபளக்கும். சில நாளில் தூசி ஒட்டிப் பிசுபிசுக்கும். இன்றைய கார்களில் வரும் லெதர் பெரும்பாலும் நிறம் ஏற்றி, அதன்மேல் மெல்லிய பாலியூரித்தேன் பூச்சு கொடுத்தது. நம் கை படுவதெல்லாம் அந்தப் பூச்சின் மேல்தான். எண்ணெய் உள்ளே இறங்க வழியின்றி மேலேயே தங்கி, நாளடைவில் பூச்சை இளக்கிவிடும். தலைக்கு எண்ணெய் வைப்பவர்கள் ஓட்டும் காரில் ஹெட்ரெஸ்ட் சீக்கிரம் உரிவதற்கும் இதுவே காரணம்.

முதலில் உங்கள் சீட் எது என்று பாருங்கள். கம்பெனி பிரசுரத்தில் 'லெதரெட்' என்று இருந்தால் அது செயற்கை. உட்காரும் இடம் மட்டும் நிஜத் தோலாகவும், பக்கங்களும் முதுகுப்புறமும் செயற்கையாகவும் வரும் கார்களும் உண்டு. சுத்தம் செய்யும் முறை இரண்டுக்கும் ஒன்றே. தோலுக்குத் தடவும் கண்டிஷனர் கிரீம் மட்டும் லெதரெட்டுக்குத் தேவையில்லை. மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் பூச்சுள்ள தோல். உறிஞ்சிக் கருத்துப்போனால் பூச்சில்லாத அனிலின் வகை. கீழே சொல்வது அதற்குப் பொருந்தாது.

தேவையானவை: லெதர் கிளீனர், குதிரைமுடி போன்ற மென்மையான பிரஷ், ஐந்தாறு மைக்ரோஃபைபர் துணி, மெல்லிய பிரஷ் முனையுள்ள வேக்கூம். கிளீனர் கையில் இல்லாவிட்டால் 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் பேபி ஷாம்பு போதும். பாத்திரம் கழுவும் திரவம், துணி சோப்பு, அம்மோனியா உள்ள கண்ணாடி ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உடையது, காரம் அதற்கு ஆகாது. 'மேஜிக் ஸ்பாஞ்ச்' கறையை எடுப்பது உண்மைதான். ஆனால் அது மிக நுண்ணிய உப்புத்தாள் மாதிரி; பூச்சையும் சேர்த்தே எடுக்கும்.

வண்டி நிழலில் நிற்க வேண்டும், சீட் சூடு ஆறியிருக்க வேண்டும். வெயிலில் நின்ற சீட்டில் கிளீனர் அடித்தால் துடைப்பதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாகப் பதியும்.

வேக்கூம் போடுவதை அவசரமாக முடிக்காதீர்கள். மடிப்பிலும் தையலிலும் தங்கும் மணல் துகள்கள்தான் பூச்சை அறுக்கின்றன. அவற்றோடு தேய்த்தால் நாமே கீறல் போட்ட கதையாகும். சீட்டை முழுதாக முன்னே தள்ளி ஒருமுறை, பின்னே தள்ளி ஒருமுறை எடுங்கள்.

அடுத்து கிளீனரைப் பிரஷ்ஷில் அடியுங்கள், சீட்டில் நேராக அடிக்காதீர்கள். சீட்டுக்கு அடியில் ஒயர்களும் சென்சாரும், பக்கவாட்டில் ஏர்பேக்கும் உண்டு. ஒரு தடவைக்குக் கால்வாசி சீட்டை மட்டும் எடுத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தால் நுரை மெல்லப் பழுப்பாகும். அது காய்வதற்குள் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், பிறகு உலர்ந்த துணி. இரண்டாவது சுற்றில் நுரை வெள்ளையாகவே நின்றால் அந்த இடம் முடிந்தது. காற்று வரும் துளையுள்ள சீட்டில் கிளீனரைத் துணியில் தொட்டு மட்டும் துடையுங்கள். துளைக்குள் போன நுரையை வெளியே எடுக்க முடியாது.

சுத்தமான லெதர் பளபளக்காது. புதுச் சீட்டும் மினுமினுப்பில்லாமல்தான் இருக்கும். மினுமினுப்பாகத் தெரியும் இடத்தில் பெரும்பாலும் உடம்பு எண்ணெயும் அழுக்கும் படிந்திருக்கும். டேஷ்போர்டு பாலிஷைப் போட்டு அந்த மினுமினுப்பை வரவழைத்தால், பிரேக் பிடிக்கும்போது ஆள் வழுக்குவதுதான் மிச்சம்.

கண்டிஷனர் 3 அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை போதும். நாணய அளவு எடுத்து ஸ்பாஞ்சில் மெல்லப் பரப்பி, 10–15 நிமிடம் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வெளிர் நிறச் சீட்டுக்கு அதைவிடப் பயன்படுவது பாதுகாப்புப் பூச்சு. புது ஜீன்ஸின் நீலச் சாயம் ஏறுவதை அது தள்ளிப்போடும். ஏறிய சாயத்தை அதே வாரம் கிளீனரால் எடுத்துவிடலாம்; விட்டுவைத்தால் பூச்சுக்குள் இறங்கிவிடும். பேனா மையும் அப்படித்தான். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் தொட்டால் மையோடு சீட்டின் நிறமும் துணியில் வந்துவிடும்.

மழைக்காலத்தில் நாள்கணக்கில் பூட்டிக்கிடந்த வண்டியில் பூஞ்சை வெள்ளையாகப் பூக்கும். முகக்கவசம் போட்டு, கதவுகளைத் திறந்துவைத்து, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். உலர்ந்த துணியால் தட்டினால் வித்துகள் வண்டி முழுக்கப் பரவும். அதன்பின் கிளீனர் போட்டு நன்றாக உலர விடுங்கள். ஷோரூம் பிளாஸ்டிக் உறையை மாதக்கணக்கில் கழற்றாமல் வைத்திருந்தால் ஈரம் அடைந்து பூஞ்சைக்கு வசதியாகிவிடும். உறையைக் கழற்றிவிடுங்கள்.

நம் கார்களில் முதலில் தேய்வது டிரைவர் சீட்டின் வலப்பக்க மேடு. ஏறி இறங்கும்போதெல்லாம் இடுப்பு அதன்மேல் உரசும். பின்பாக்கெட்டில் சாவி இருந்தால் இன்னும் மோசம். மாதம் ஒருமுறை அந்த இடத்தை மட்டுமாவது துடையுங்கள். மணி கோத்த சீட் விரிப்பு முதுகுக்கு இதமாக இருக்கலாம். லெதருக்கு அது நாள் முழுக்க நடக்கும் உரசல்.

விரிசல் மாதிரித் தெரிந்தால் இரு பெருவிரலால் அந்த இடத்தை விரித்துப் பாருங்கள். உள்ளேயும் சீட்டின் நிறமே இருந்தால் அது சாதாரணச் சுருக்கம். வெளிறிய நார் தெரிந்தால் பூச்சு போய்விட்டது, கண்டிஷனர் எத்தனை முறை தடவினாலும் சேராது. விரிசலை நிரப்பும் ஃபில்லர் வைத்து, நிறம் கலந்து அடித்து, மேல்பூச்சு கொடுக்கும் கடையில் விட வேண்டும். பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள சீட்டுக்கு மேலே இறுக்கமான கவர் தைத்துப் போடலாம் என்று கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பை விரியும்போது தையல் பிரிய வழி இருக்காது.