பதற்றத்தோடு ஜெபிக்க உட்காரும்போது

கவலை வந்தால் ஜெபிக்கச் சொல்வார்கள். எப்படி என்று சொல்வது குறைவு. அதனால் பலர் வாடகை, பிள்ளையின் ஓ.எல். பரீட்சை, விசா என்று பயத்தையே அரை மணித்தியாலம் கடவுளிடம் ஒப்புவித்துவிட்டு, முன்னையைவிடப் படபடப்போடு எழும்புகிறார்கள். அது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் யோசனை, அவ்வளவுதான்.

முதலில் உடம்பைக் கவனியுங்கள். 1 இராஜாக்கள் 19இல், சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தூதன் புத்தி சொல்லவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்க விட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். வெறும் வயிற்றில் பிளேன்டீ குடித்துவிட்டு பஸ் ஏறுகிறவருக்கு நெஞ்சு அடிப்பதில் அதிசயமில்லை. இரண்டு துண்டு பாணாவது சாப்பிடுங்கள். பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு தேத்தண்ணியும் கோப்பியும் வேண்டாம்: கஃபீனில் பாதி இரத்தத்தை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் பிடிக்கும்.

காலி வீதி நெரிசலில் பஸ்ஸுக்குள் பதற்றம் ஏறினால் சங்கீதம் 56:3 போதும். மூக்கால் மூச்சை இழுக்கும்போது மனதுக்குள் நாலு எண்ணும் நேரத்தில் ‘நான் பயப்படுகிற நாளில்’. ஆறு எண்ணும் நேரத்தில் விடும்போது ‘உம்மை நம்புவேன்’. ஐந்து நிமிடம். இதில் பிழைக்கிற இடம் ஒன்றுதான்: ஆழமாக இழுக்க வேண்டும் என்று நெஞ்சு நிறைய, வேகமாக இழுப்பது. அப்போது இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து தலை சுற்றும், விரல் விறைக்கும், பயம் இரட்டிப்பாகும். மெதுவாக, அளவாக இழுங்கள். விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன், படுக்கையில் அல்ல, ஒரு கொப்பியோடு பதினைந்து நிமிடம் உட்காருங்கள். ஒவ்வொரு கவலையையும் ஒரே வரியில் எழுதுங்கள். நாளைக்கு ஏதாவது செய்யக்கூடியதற்குப் பக்கத்தில் அந்த வேலையை எழுதுங்கள்: ‘பத்து மணிக்கு வீட்டுக்காரருக்குக் கோல் எடுப்பது’. ஒன்றுமே செய்ய முடியாததற்கு 1 பேதுரு 5:7 (‘உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்’) என்று குறித்து, அதை ஒரு தடவை மட்டும் விண்ணப்பமாகச் சொல்லுங்கள். பிலிப்பியர் 4:6 ஸ்தோத்திரத்தையும் சேர்க்கச் சொல்கிறது. ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்பது மனதில் ஒட்டாது. ‘அம்மாவின் சுகர் இன்று இறங்கியது’ என்பது ஒட்டும். கொப்பியை மூடிவிடுங்கள். நடு இரவில் அதே கவலை வந்தால், எழுதியாயிற்று, நாளைக்குப் பார்க்கலாம். கெத்செமனேயில் இயேசுவும் அதே வார்த்தைகளைச் சொல்லித் திரும்பவும் ஜெபித்தார் என்பது உண்மை. ஆனால் அவர் இடையில் எழுந்து சீஷரிடம் போனார், தனியாகச் சுழன்றுகொண்டிருக்கவில்லை.

நீங்களும் யாரிடமாவது போங்கள். கூட்டம் ஒத்துவராதவர் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை போகாமல், வேறு நாளில் போய் அமைதியாக இருக்கலாம். மாலையில் காலிமுகத்திடலில் அரை மணித்தியாலம் வேகமாக நடப்பதும் நித்திரைக்கு உதவும். போன் பையில் இருக்கட்டும். வாட்ஸப் குரூப்பில் வரும் ‘அவசர ஜெபக் குறிப்பு’களை இரவில் வாசிக்காதீர்கள்.

இரண்டு கிழமையாக நித்திரையோ சாப்பாடோ வேலையோ குழம்பினால் டாக்டரிடம் காட்டுங்கள். தைரொயிட், இரத்தச்சோகை இரண்டும் இதே படபடப்பைத் தரும். மருந்து தந்தால், விசுவாசம் இருக்கிறது என்று இடையில் நிறுத்தாதீர்கள். சில மாத்திரைகளைச் சட்டென விட்டால் பதற்றம் முன்னையைவிட மோசமாகத் திரும்பும். உயிரை விடும் எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் கோல் எடுக்கலாம்.