கண்ணில் படாத பறவை செத்துவிட்டதா? உயிர்பிழைப்பு விகிதக் கணக்கு, ஆரம்பத்திலிருந்து

100 பறவைகளுக்குக் கால்வளையம் போட்டு விடுகிறீர்கள். அடுத்த ஆண்டு 45 தான் வலையில் சிக்குகின்றன. ‘45 சதவீதம் பிழைத்தன’ என்று எழுதக் கை பரபரக்கும். எழுதாதீர்கள். மீதி 55-இல் சில செத்திருக்கும். சில உங்கள் வலைக்குப் பத்தடி தள்ளிப் பறந்து போயிருக்கும். இரண்டையும் பிரித்தெடுப்பதுதான் இங்கே வேலையே.

முதலில் தரவு. ஒரு பறவைக்கு ஒரு வரி. சிக்கிய ஆண்டுக்கு 1, சிக்காத ஆண்டுக்கு 0. ‘101’ என்றால் நடுவில் ஓராண்டு காணோம், பிறகு வந்துவிட்டது. அந்த நடு 0-வை விடாதீர்கள். அப்போது அது உயிரோடுதான் இருந்தது, கோட்டைவிட்டது நாம்.

இனி மூன்றாம் ஆண்டு. அந்த 100-இல் 25 சிக்குகின்றன என்று வைத்துக்கொள்வோம்: 20 இரண்டாம் ஆண்டும் சிக்கியவை, 5 சிக்காதவை. 25-உம் இரண்டாம் ஆண்டில் உயிரோடு இருந்தவை. நம்மிடம் சிக்கியது 20. ஆக, பிடிபடும் வாய்ப்பு 20/25 = 0.8. அப்படியானால் அந்த ஆண்டு உயிரோடிருந்தவை 45/0.8 = 56.25. பிழைப்பு விகிதம் 45 அல்ல, சுமார் 56 சதவீதம்!

புள்ளியியலாளர்கள் கோர்மாக் 1964-இலும், ஜாலியும் செபரும் 1965-இலும் தனித்தனியே வெளியிட்ட கணித மாதிரியின் (மாடல்) உயிர்நாடி இதுதான். பிழைப்பை ‘ஃபை’ என்றும் பிடிபடுவதை ‘பி’ என்றும் குறிப்பார்கள். இரண்டும் ஆண்டுக்காண்டு மாறவில்லை என்றால், ‘101’ வருவதற்கான நிகழ்தகவு: ஃபை × (1−பி) × ஃபை × பி. எல்லா வரிகளுக்கும் இப்படி எழுதிப் பெருக்கி, அந்தப் பெருக்கலை உச்சத்துக்குக் கொண்டுபோகும் மதிப்புகளைக் கணினி தேடும்.

பழக, புள்ளியியலுக்கான ‘ஆர்’ (R) நிரல்மொழியின் ‘மார்க்ட்’ (marked) தொகுப்பிலுள்ள டிப்பர் என்ற ஓடைப் பறவையின் தரவை எடுங்கள். கிழக்கு பிரான்சின் ஓடைகளில் 1981 முதல் 1987 வரை வளையமிட்ட 294 பறவைகள். ஃபை, பி இரண்டும் மாறாத எளிய மாதிரியை ஓட்டினால் திரையில் 0.24, 2.23 என்று வரும். ‘விகிதம் எப்படி 2-ஐத் தாண்டும்?’ என்று நானும் முதல்முறை முழித்தேன். அவை லாஜிட் அளவுகோலில் உள்ள எண்கள்; 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட நிகழ்தகவை எந்த எண்ணாகவும் வரக்கூடியபடி நீட்டும் அளவுகோல் அது. திருப்பி மாற்றினால் ஃபை 0.56, பி 0.90. அடுத்து, வெள்ளம் வந்த இரண்டு ஆண்டு இடைவெளிகளுக்குத் தனி ஃபை கொடுத்துப் பாருங்கள்: வெள்ளத்தில் சுமார் 0.47, மற்றவற்றில் 0.61. இரு மாதிரிகளில் ஏஐசி (AIC: தரவோடு பொருந்துவதையும் மாதிரியின் சிக்கலையும் சேர்த்து எடைபோடும் மதிப்பெண்) குறைவாக வருவதை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். இடம்பெயர்ந்து திரும்பாத பறவையும் இந்தக் கணக்கில் செத்ததுதான்; அதனால்தான் ‘தோற்றப் பிழைப்பு’ என்கிறார்கள். வளையம் கழன்று விழுந்தாலும் அதே கதி. அப்புறம், ஃபை, பி இரண்டையும் ஆண்டுக்காண்டு மாறவிட்டால் கடைசி ஆண்டுக்கு அவற்றின் பெருக்கல் மட்டுமே கிடைக்கும், தனித்தனியே பிரியாது. அங்கே திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு உறுதியற்றது என்பதன் அளவு) தாறுமாறாக வந்தால் நிரலைக் குடையாதீர்கள். அடுத்த ஆண்டும் வலை விரித்தால்தான் அது பிரியும்.